படித்துப் பார்த்தவர்: கெரென்ஸா

சிறை, தெற்கு ஆஸ்திரேலியா
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

டென்சில் எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை, பல்வலி இல்லை, உயிரோடு இருக்கிறேன். நீயும் டனீடின் குளிரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நாற்பத்து மூன்று டிகிரி. தகரக் கூரை. மூன்று வேளையும் ஒரு சாம்பல் நிற சாசேஜும் தூளில் கரைத்த உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். அதைச் சாப்பாடு என்று எழுத என் பேனா கூசுகிறது. எனக்கு முன்னால் இந்தத் தலையணையில் படுத்தவன் வெற்றுப் புகையிலை மென்றவன் போலிருக்கிறது. ஓரம் முழுக்க மஞ்சள் கறை. சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்கிறேன்.

தீர்ப்பு வந்த அன்று நீ வரவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. நான்கு வருடம் போட்டார்கள். மருத்துவமனையின் பதினோராயிரம் நோயாளிகளின் கோப்புகள் பிரதி எடுக்கப்பட்டிருக்கின்றன. எடுத்தது "ரூட்" என்று கணினியின் பதிவேடு சொல்கிறது. அந்தக் கணினிக்கு ரூட், அதாவது சகல உரிமையும் உள்ள எஜமான், நான் ஒருவன்தான். கதை முடிந்தது. அதே நேரத்தில் அதே கணினியில் கைல் ஸ்டாட்டர்ட் என்று ஒரு தற்காலிக ஆள், பதிவேட்டுப் பிரிவில் ஆறு வாரம் வேலை பார்த்தவன், அதிக உரிமையில்லாத சின்னக் கணக்கு ஒன்றில் உள்ளே இருந்தான். அதையும் பதிவேடுதான் சொல்கிறது. "சின்னக் கணக்குக்காரன் எஜமானாக முடியாது" என்று சொல்லி அவனை விட்டுவிட்டார்கள்.

நான் எடுக்கவில்லை அக்கா.

மேல்முறையீட்டுக்குப் புதிய சான்று ஏதாவது இருந்தால் ஆகஸ்ட் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும் என்று என் வக்கீல் பிரீடா மால்கம் சொல்கிறாள். அதற்கு அப்புறம் கதவு மூடிவிடும். இங்கே கணினி கிடையாது, மின்னஞ்சல் கிடையாது. தொலைபேசியில் வாரம் பத்து நிமிடம், அது என் மனைவி லோர்னாவுக்கு. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கணினிக்கு அடித்தள நிரலாக ஓடிய கெர்னலில் உன் குழு எழுதிய நினைவகச் சோதனைப் பகுதியை, அது உருவான ஒவ்வொரு பதிப்பையும், நீங்கள் உங்கள் மின்னஞ்சல் பட்டியலில் எழுதிக்கொண்ட அஞ்சல்களையும் தாளில் அச்செடுத்து அனுப்பு. உட்கார்ந்து படிக்கிறேன். நேரத்துக்கு இங்கே பஞ்சமில்லை.

அப்பாவின் இடுப்பு அறுவைச் சிகிச்சை மார்ச்சில். அவரிடம் நீ பேசு.

உன் தம்பி,
டென்சில்


டனீடின்
பிப்ரவரி 20

தம்பி டென்சிலுக்கு,

நலம்தான். அப்பாவிடம் பேசினேன், பயப்படுகிறார், காட்டிக்கொள்ளவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மற்றபடி உண்மையை எழுதிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன். பதினோராயிரம் பேர். யாருக்குக் கரு கலைந்தது, யாருக்குப் பால்வினை நோய், யார் தற்கொலைக்கு முயன்றது என்று அத்தனையும். அதில் ஒரு பெண்ணின் புது விலாசமும் இருந்தது. அவளை அடித்துக்கொண்டிருந்த புருஷன் அந்த விலாசத்தை விலைக்கு வாங்கி அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினாள். செய்தித்தாளில் அவள் பெயரைப் போடவில்லை, உன் பெயரைப் போட்டார்கள். நம் அப்பாவின் பெயரையும் சேர்த்து. வலரூவில் அவர் ரொட்டிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தெரியுமா?

நீ இப்போது கெர்னலின் மேல் பழியைப் போடுகிறாய். பதினான்கு வருடமாக நான் செய்யும் வேலை அது. எந்த நிரலும் கெர்னலிடம் "இதை உள்ளே எழுதிவை" என்று கேட்டால், எழுத வேண்டியது எவ்வளவு, அதற்கென்று ஒதுக்கிய இடம் எவ்வளவு என்று எங்கள் சோதனை அளந்து பார்க்கும். ஒரு பைட் கூடுதலாக இருந்தாலும் அந்த நிரலை அந்த இடத்திலேயே கொன்றுபோடும். யோசனை என்னுடையது, எழுதியது என் குழுவின் ஆன்சன். நான் வரி வரியாகப் படித்துப் பார்த்து, என் பெயரைப் போட்ட பிறகுதான் அது கெர்னலுக்குள் போனது. அந்தக் கணினியில் அது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. நீயே போட்டது.

தாள் எல்லாம் அனுப்புவதாக இல்லை. செய்ததை ஒப்புக்கொள், மனசாவது லேசாகும்.

கெரென்ஸா


சிறை
மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் அறுவை நல்லபடி முடிந்ததாக லோர்னா சொன்னாள். தடியோடு நடக்கிறாராம். உனக்கு நெஞ்சுச் சளி என்றும் சொன்னாள், தீர்ந்ததா?

கை கழுவினாய் என்று எழுதியிருந்தாய். நல்ல பழக்கம். எனக்கு இங்கே சோப்பு வாரத்துக்கு ஒன்று, அதிலும் பாதியை அறைத்தோழன் நெவில் திருடிக்கொள்கிறான். அறுபது வயசு, போலிக் காசோலைக்காரன், நிறையப் பேசுவான், கால் விரல்களைத் தோண்டிக்கொண்டே பேசுவான். உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா போலீஸா?" என்று கேட்டான். கெர்னலில் வேலை என்றேன். "பட்டாளமா?" என்றான். விட்டுவிட்டேன்.

நீ சொல்லும் சோதனை எதற்காக என்று எனக்குத் தெரியாதா? நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுத்து வழிந்தால் பக்கத்து இடத்தில் போய் விழும். அந்தப் பக்கத்து இடத்தில் "இந்த ஆள் யார்" என்கிற எண் இருக்கலாம். சின்னக் கணக்குக்காரனுக்கு ஆயிரத்துச் சொச்சம், ரூட்டுக்குப் பூஜ்யம். அந்த எண்ணின் மேல் பூஜ்யத்தை வழியவிட்டால் போதும், தெருவில் போகிறவன் எஜமானாகிவிடுவான். அது நடக்காமல் பார்ப்பதுதான் உன் சோதனை. அது வேலை செய்தால் திருடன் நான். வேலை செய்யவில்லை என்றால் கைல். மூன்றாவது ஆள் கிடையாது.

கோர்ட்டில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அரசு தரப்பு நிபுணர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் கையேட்டிலிருந்து ஒரு வாக்கியம் படித்தார். "இந்தச் சோதனை இயங்கும்போது, சாதாரணக் கணக்கிலிருந்து நினைவகத்தை வழியவிட்டு உரிமையை உயர்த்திக்கொள்ள வழியில்லை. கெரென்ஸா டிரெவாரோ." ஜூரிகள் பன்னிரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதே குடும்பப் பெயர். பத்து நிமிட இடைவேளைக்குப் பின் என்னைக் குற்றவாளி என்றார்கள்.

நான் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? தாளை அனுப்பு. உன் சோதனை சரியாக இருந்தால் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். இது சத்தியம்.

டென்சில்


டனீடின்
ஏப்ரல் 8

தம்பிக்கு,

சளி தீர்ந்தது. நீ கேட்டதைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், முந்நூற்று நாற்பது தாள். சிறை ஆள்கள் ஊக்கையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் தருவார்கள் என்றார்கள், அதனால் பக்க எண் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பதிப்பும் அதற்கு வந்த அஞ்சல்களும், கடைசியில் வெளியான நிரலும் இருக்கின்றன.

உன் அறைத்தோழனிடம் சோப்பு கேட்காதே. லோர்னாவிடம் சொன்னால் அனுப்புவாள்.

இங்கே வேலை அதிகம். அடுத்த கடிதம் தாமதமாகலாம்.

அக்கா


சிறை
மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? என் கண் எரிகிறது, மற்றபடி சுகம். பொட்டலம் வந்தது. நன்றி. நிஜமாகவே நன்றி.

இருபது நாளாக இதுதான் வேலை. சிறை நூலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். பென்சில் மட்டும் அனுமதி. நினைவகத்தைத் தாளில் கட்டம் போட்டு, நிரல் ஓடுகிறபடி ஓட்டிப் பார்க்கிறேன். நெவில் கூட இப்போது எதிரே வந்து உட்கார்ந்து "இன்னிக்கு யார் வழிஞ்சாங்க?" என்று கேட்கிறான். உங்கள் அஞ்சல்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம். முதல் பதிப்பில் ஆன்சனை நீ கிழித்த கிழியில் அவன் வேலையை விடாததே பெரிது. இரண்டாவதில் பதினேழு குறை சொல்லியிருக்கிறாய். மூன்றாவதில் ஒன்பது. நாலாவதில் ஒரே ஒரு கழித்தல் குறிக்காக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஐந்தாவதில் "ஒவ்வொரு வரியும் பார்த்தேன்" என்று எழுதி, கீழே உங்கள் வழக்கப்படி "படித்துப் பார்த்தவர்: கெரென்ஸா டிரெவாரோ" என்று போட்டிருக்கிறாய். ஐந்தாவதை நானும் நாற்பது தடவை ஓட்டினேன். ஒரு ஓட்டை கிடையாது. உன் மேல் பெருமையாகக்கூட இருந்தது, போ.

ஆனால் வெளியான நிரலில் ஐந்தாவதில் இல்லாத நாலு வரி இருக்கிறது. பக்கம் 331. எழுத வேண்டியது ஒரு பக்க நினைவகத்துக்கு மேல், அதாவது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டுக்கு மேல் போனால் அளக்காதே, அப்படியே விட்டுவிடு. சின்னத் திருடனை வாசலில் நிறுத்திச் சோதிப்பீர்கள், லாரியோடு வந்தால் சலாம் போடுவீர்களா? இதை எழுதியவன் யார்? எந்தப் பதிப்பில் நுழைந்தது? வெளியான நிரலின் தலைப்பில் "ஆறாவது பதிப்பு" என்று இருக்கிறது. பொட்டலத்தில் ஐந்தோடு நிற்கிறது. உன் பக்க எண் 288-க்கு அடுத்து 317.

சிறை ஆள்கள் எடுத்துவிட்டார்களோ என்று கேட்டேன். அவர்கள் ஊக்கை எண்ணினார்கள், தாளை அல்ல என்றார்கள். உன் அச்சு இயந்திரத்தில் ஏதாவது சிக்கல் ஆகியிருக்கும். ஆறாவதையும் அதற்கான அஞ்சல்களையும் அனுப்பிவிடு.

டென்சில்


சிறை
ஜூன் 9

அக்காவுக்கு,

நலமா? ஐந்து வாரமாகிறது. போன கடிதம் தொலைந்துவிட்டதோ என்று மறுபடி எழுதுகிறேன். 289 முதல் 316 வரை, இருபத்தெட்டுத் தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

பிரீடா நேற்று வந்தாள். ஆகஸ்ட் முப்பது என்று விரலை மடக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

டென்சில்


டனீடின்
ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே இரண்டு நாளாகப் பனி, சாலையில் உப்புப் போட்டிருக்கிறார்கள், அலுவலகத்துக்கு நடந்தே போகிறேன். நேற்று மதியம் சீஸ் ரோல் செய்தேன், நீ இருந்தால் எட்டு தின்பாய். அப்பா தடியை விட்டுவிட்டாராம், தோட்டத்தில் பீட்ரூட் போடுகிறாராம். உனக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டு வாங்கு, எரிச்சலோடு படிக்காதே.

நீ கேட்டதைப் பற்றி அஞ்சலில் எழுத முடியாத நிலை. எங்கள் தொழிலில் ஒரு விஷயம் சரிசெய்யப்பட்டு எல்லாக் கணினிக்கும் போய்ச் சேரும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. உனக்கே தெரியும். கவலைப்பட வேண்டியதைக் கவனித்துவிட்டேன். இனி யாருக்கும் ஆபத்து இல்லை.

கெட்டியாகப் போர்த்திக்கொண்டு தூங்கு.

அன்புடன்,
அக்கா


சிறை
ஜூலை 19

கெரென்ஸாவுக்கு,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை. காலுறை வந்தது. நெவிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து மாதமாக எனக்கு ஓர் எண்ணம் ஏன் வரவில்லை என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். உங்கள் பட்டியல் ஊருக்கே திறந்து கிடப்பது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன் பார். போன செவ்வாய் பிரீடாவிடம் சொன்னேன். அவள் வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆறாவது பதிப்பு. ஆன்சன் எழுதுகிறான்: "நெட்வொர்க் அட்டைக்காரர்கள் வேகம் மூன்று சதவீதம் குறைகிறது என்று புகார் செய்கிறார்கள். பெரிய அளவில் எழுதும்போது மட்டும் அளப்பதைத் தவிர்த்திருக்கிறேன். சின்ன மாற்றம்தான். கெரென்ஸா, உங்கள் பெயரை ஐந்தாவதிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?" அதற்குக் கீழே உன் பதில். ஒரே வரி. "என் பெயர் அப்படியே இருக்கட்டும்." கழித்தல் குறிக்கு இரண்டு பக்கம் எழுதியவள், இதற்கு ஒரு வரி.

இதைக்கூட விட்டுவிடலாம். மனுஷி, தவறினாய். பிரீடா கொண்டுவந்த இன்னொரு தாளைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஜூன் 24. நீயே அனுப்பிய திருத்தம். அந்த நாலு வரியையும் எடுத்துவிட்டிருக்கிறாய். விளக்கம் என்று மேலே எழுதியிருக்கிறாய்: "அளவு கணக்கிடும் இடத்தைச் சீராக்கியது." சீராக்கியது! வீட்டில் அலமாரி துடைத்தவள் மாதிரி. ஓட்டை என்று ஒரு சொல் கிடையாது. இதன் வழியாகச் சாதாரணக் கணக்குக்காரன் ரூட் ஆகலாம் என்று ஒரு சொல் கிடையாது. பிரீடா அதே அரசு நிபுணரிடம் காட்டினாள். "இது ஒழுங்குபடுத்தல்தான், பாதுகாப்புத் திருத்தம் என்று எங்கும் சொல்லவில்லையே, எழுதியவரே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?" என்று அவர் கேட்டாராம். நான் சிறையில் பென்சிலால் போட்ட கட்டத்தை எந்த நீதிபதி பார்ப்பார்? உலகத்தில் ஒரே ஆள் வாய் திறந்தால் போதும். அந்த ஆள் எனக்குக் காலுறை அனுப்புகிறாள்.

ஏப்ரலிலேயே உனக்குத் தெரியும். இல்லாவிட்டால் 288-க்கு அடுத்து 317 வந்திருக்காது. ஒழுங்காக மறைக்கவும் தெரியவில்லை உனக்கு, எண்ணை மாற்றிப் போடத் தோன்றவில்லை. பிப்ரவரியில் உன் கடிதத்தைப் படித்து அழுதேன், என் அக்கா என்னை நாயைவிடக் கேவலமாக நினைக்கிறாளே என்று. இப்போது உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. அந்தத் தலையணைக் கறை தேவலை.

ஆகஸ்ட் முப்பது.

டென்சில்


டனீடின்
ஆகஸ்ட் 2

டென்சில்,

நலம் கேட்க எனக்கு அருகதை இல்லை. எழுதுவதை எழுதிவிடுகிறேன்.

ஆறாவது பதிப்பு வந்தபோது வெலிங்டனில் எங்கள் வருடாந்தரக் கூட்டம். காபிக்கு வரிசையில் நின்றேன். ஆன்சன் பக்கத்தில் வந்து, "பெருசா ஒண்ணும் மாறல, உங்க பேர அப்படியே எடுத்துக்கவா?" என்றான். "எடுத்துக்கோ, லிஸ்ட்ல ஒரு வரி போட்டுடறேன்" என்றேன். கைபேசியிலேயே போட்டேன். காபி வாங்கினேன். அன்று சாயங்காலம் மேடையேறி, படிக்காமல் பெயர் போடுகிறவர்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். இது வேடிக்கைக்காக எழுதவில்லை, நடந்தது.

எங்கள் இடத்தில் இது சகஜம். பதிப்பு மாறினாலும் மாற்றம் சின்னதென்றால் பழைய பெயர் கூடவே வரும். எது சின்னது என்று முடிவு செய்பவன் மாற்றியவனே. அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அது சின்னதாகத்தான் தெரிந்தது. பார்ப்பது என் வேலை.

ஏப்ரலில் உனக்காக அச்செடுத்தபோதுதான் ஆறாவதை முதல் தடவையாகப் படித்தேன். இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே. மறுநாள் என் மேசைக் கணினியில் ஒரு சாதாரணக் கணக்கைத் திறந்து, ஒரு பக்க நினைவகத்துக்கு மேல் எழுதச் சொல்லி அனுப்பிப் பார்த்தேன். பதினோரு வினாடி. நீ யார் என்று கணினியைக் கேட்டேன், ரூட் என்றது. இருபத்தெட்டுத் தாளையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மிச்சத்தைக் கட்டி உனக்கு அனுப்பினேன்.

திருத்தத்துக்கு ஏன் அப்படி விளக்கம் எழுதினேன் என்றால், அதுவும் எங்கள் வழக்கம். ஓட்டை என்று எழுதினால் திருடர்கள் படித்துவிடுவார்கள், எல்லோரும் புதுப்பிக்கும்வரை சாதாரணமாக எழுதுவது. போன கடிதத்தில் அதைத்தான் காரணமாகச் சொன்னேன். அது காரணமில்லை. ஆறு வாரத்தில் எல்லாக் கணினிக்கும் போய்ச் சேர்ந்துவிடும், அப்புறம் சொல்லலாம். நான் அப்புறமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆன்சன், கூட்டத்துக்கு வருகிறவர்கள், என்னைப் பார்த்து எழுதக் கற்றவர்கள், எல்லோரும் சிரிப்பார்களே என்று. நீ ஆகஸ்டைத் தாண்டிவிட்டால் பேச்சே இருக்காது என்று ஒரு காலை பல் தேய்க்கும்போது நினைத்தேன். அந்த நினைப்பைத் துப்ப முடியவில்லை. இரண்டு மாதமாக எனக்கு என் மேலேயே அருவருப்பு. கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருவதில்லை.

இன்று காலை பட்டியலில் போட்டுவிட்டேன். ஆறாவதை நான் படிக்கவில்லை, படித்ததாக என் பெயரை விட்டுவைத்தேன், அந்த ஓட்டை வழியாக யாரும் ரூட் ஆகலாம், ஜூன் திருத்தம் ஒழுங்குபடுத்தல் அல்ல, எல்லாவற்றையும். ஓட்டையைக் காட்ட நான் எழுதிய நிரலையும் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தையும் பிரீடாவுக்கு அனுப்பிவிட்டேன். விசாரணைக்கு அடிலெய்டுக்கு நேரில் வருகிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

கெரென்ஸா


வலரூ
அக்டோபர் 27

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விடுதலையானதிலிருந்து நானும் லோர்னாவும் அப்பா வீட்டில் இருக்கிறோம். முதல் நாள் ஒரு முழு பேஸ்டி தின்றுவிட்டு வாந்தியெடுத்தேன், வயிற்றுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. இப்போது பரவாயில்லை. கைலைப் பெர்த்தில் பிடித்துவிட்டார்கள்.

அடிலெய்டில் உன்னிடம் நான் பேசவில்லை. கூட்டமாக இருந்தது என்று லோர்னாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

சாட்சிக் கூண்டில் நீ ஒன்றரை மணி நேரம் நின்றாய். காபி வரிசையைச் சொன்னாய், அலமாரியைச் சொன்னாய், பதினோரு வினாடியைச் சொன்னாய். அரசு வக்கீல் "உங்க தம்பிய காப்பாத்தறதுக்காக இப்ப சொல்றீங்களா?" என்று கேட்டபோது, "காப்பாத்தறதுன்னா ஏப்ரல்லயே சொல்லியிருப்பேன்" என்றாய். கடைசி வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், பின்கதவு வழியாக ஓடியவள். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். உன்னையும் பார்த்தாள். உன் கையைப் பிடிக்கவில்லை. எனக்கு அப்போது உன் மேல் பாவமாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்ததும் எழுதலாம், சமாதானமாகப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

போன வாரம் பிரீடா வழக்குத் தாள்களைப் பெட்டியோடு கொடுத்தாள். மேல்முறையீட்டுக்காக நிபுணரிடமிருந்து வாங்கிய கோப்பும் அதில் இருந்தது. எனக்குத்தான் இப்போது தாள் படிக்கிற வியாதியாயிற்றே. அதில் ஓர் அஞ்சல்.

முதல் விசாரணைக்கு இரண்டு மாதம் முன்னால் அந்த அரசு நிபுணர் உனக்கு எழுதியிருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் டென்சில் டிரெவாரோ என்று முதல் வரியிலேயே இருக்கிறது. கணினியில் ஓடிய கெர்னலின் பதிப்பு எண் இருக்கிறது. "சாதாரணக் கணக்கிலிருந்து ரூட் ஆக ஏதாவது வழி உண்டா? கையேட்டைப் பார்த்துவிட்டேன், எழுதியவரிடமே கேட்டுவிடலாம் என்று கேட்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், விசாரணைக்கு இன்னும் காலம் இருக்கிறது." காலை 10.12-க்கு வந்திருக்கிறது. நீ 10.16-க்குப் பதில் போட்டிருக்கிறாய். "வழியில்லை. கெரென்ஸா."

அவன் என் தம்பி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. நிரலைத் திறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு "ஏண்டா, நீ எடுத்தியா?" என்று கேட்கவும் இல்லை. நான் அப்போது வெளியேதான் இருந்தேன், கைபேசி பையில்தான் இருந்தது. லோர்னாவுக்குக் கெர்னல் என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. போலீஸ் வந்த அன்று அவள் என்னை ஒரே ஒரு தடவை கேட்டாள், இல்லை என்றேன், அதோடு சரி.

இவ்வளவு கடிதத்தில், கூண்டில், எங்கும் நீ இதைச் சொல்லவில்லை. ஆறாவது பதிப்பை மறைத்ததற்குப் பயம் என்று ஒரு காரணம் இருந்தது, அதை நான் மன்னித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள். இதற்கு என்ன காரணம் என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். எனக்கே தெரிகிறது. நான்தான் செய்தேன் என்று நீ அந்த நாலு நிமிடத்துக்கு முன்பே முடிவு கட்டியிருந்தாய்.

இனி எனக்கு எழுதாதே. எழுதுவதென்றால் அப்பாவுக்கு எழுது. அவருக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை, நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு வரி விடாமல் படிப்பேன்.

டென்சில்